பட்டியல் யார் கையில்? பெங்களூரு பௌரகார்மிகர் வேலைநிறுத்தம், 2022: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜூலை 1, வெள்ளிக்கிழமை. பெங்களூரில் தெரு பெருக்கும் பௌரகார்மிகர்கள் ஆயிரக்கணக்கில் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஃப்ரீடம் பார்க்கில் வந்து உட்கார்ந்தார்கள். கர்நாடகத்தின் மற்ற ஊர்களிலும் வேலை நின்றது. ஏஐசிசிடியு என்ற அகில இந்தியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சார்ந்த சங்கம் உட்படப் பல சங்கங்கள் இதில் இருந்தன. நான்காம் நாள், திங்கட்கிழமை, பசவராஜ் பொம்மையின் பாஜக அரசு பணி நிரந்தரம் பற்றி எழுத்தில் உறுதி கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள். அந்த செப்டம்பரில் 11,133 பேரை நிரந்தரமாக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டது. ஆணை கைக்கு வர இன்னும் இரண்டரை ஆண்டு ஆனது. 2025 மே தினத்தன்று 12,692 பேருக்கு நியமன ஆணை வழங்கப்பட்டபோது ஆட்சி மாறி, சித்தராமையா முதல்வராகியிருந்தார்.

அந்த ஆண்டின் சூழலைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் எடை தெரியும். ஆண்டு பிறந்ததுமே ஹிஜாப் விவகாரம், மார்ச் 15 அன்று உயர்நீதிமன்றத் தீர்ப்பு, அதற்குப் பின்னால் ஹலால், மசூதி ஒலிபெருக்கி, மே மாதம் மதமாற்றத் தடை அவசரச் சட்டம். மாநிலத்தின் பேச்சு முழுக்க மதத்தைச் சுற்றியே ஓடியது. அந்த நேரத்தில் பெரும்பாலும் தலித் பெண்கள், அதிலும் தெலுங்கும் தமிழும் வீட்டு மொழியாகக் கொண்டவர்கள், கூலிப் பிரச்சினையை நகரத்தின் முதல் செய்தியாக்கினார்கள். இவர்களுக்கு நிரந்தர வேலை இல்லை, பள்ளிப் படிப்பு இல்லை, பலருக்குச் சொந்த வீடும் இல்லை. உயர்ந்த மேடைப் பேச்சால் இது நடந்ததாகச் சிலர் எழுதினார்கள். எங்கள் கணிப்பு வேறு. இந்த வேலையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எழுதும் பட்டியல் இத்தனை காலமும் ஒப்பந்தக்காரர், வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி, அலுவலகம் ஆகிய மூவர் கையில் இருந்தது. வார்டு வார்டாகத் தொழிலாளர்கள் தங்கள் பட்டியலைத் தாங்களே எழுதத் தொடங்கியதுதான் வேலைநிறுத்தத்துக்கு அடித்தளம். இந்த ஆய்வு அந்த வேலையைப் பற்றியது.

கீழே சொல்வது எந்த ஒரு சங்கத்தின் விதிப்புத்தகமும் இல்லை. வார்டுகளில் அன்றாடம் ஓடும் அமைப்பு வேலையின் பொது வடிவம்.

ஒப்பந்தக்காரரின் நோட்டு முதல் விரல் ரேகை வரை

துப்புரவுத் தொழிலாளர் நிலை பற்றி ஐ.பி.டி. சாலப்பா குழு 1976-இல் அறிக்கை கொடுத்தது. எத்தனை மக்களுக்கு எத்தனை தொழிலாளர் என்ற அளவுகோல் பற்றி இன்றுவரை நடக்கும் வாதங்களுக்கு அதுதான் ஆதாரம். ஆனால் நகரம் வீங்கியபோது மாநகராட்சி நிரந்தர ஆள் எடுக்கவில்லை, ஒப்பந்தத்துக்கு விட்டது. ஒப்பந்த முறையில் ஒரு வார்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது ஒப்பந்தக்காரர் காட்டும் எண். ஆளே இல்லாத பெயர்களுக்குப் பில் போடுவது, இருக்கும் ஆளுக்குக் கையெழுத்து வாங்கிப் பாதி கொடுப்பது, பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது எல்லாம் அந்த எண்ணுக்குள் நடந்தன.

2017-இல் நடந்த போராட்டத்துக்குப் பின் அரசு தெரு பெருக்குவோருக்கு ஒப்பந்த முறையைக் கைவிட்டது. 2018 தொடக்கத்தில் பெங்களூரு மாநகராட்சியான பிபிஎம்பி நேரடியாக வங்கிக் கணக்கில் சம்பளம் போடும் முறைக்கு வந்தது. இது பெரிய வெற்றி. ஆனால் அதோடு ஒரு ஆபத்தும் வந்தது. வருகைப் பதிவு விரல் ரேகைக்கு மாறியபோது, போலிப் பெயர்களை நீக்குகிறோம் என்ற பெயரில் உண்மையில் வேலை செய்தவர்கள் பலரும் பட்டியலுக்கு வெளியே போனார்கள். காலையில் வந்து தெருவைப் பெருக்குவார்கள், மாதக் கடைசியில் பணம் வராது. மாதக்கணக்கில் சம்பளம் வராத ஒரு தொழிலாளி 2018 ஜூலையில் தற்கொலை செய்துகொண்டார். பழைய நோட்டில் இருந்தவர் புதிய பட்டியலில் இல்லை என்றால், அவர் பத்து ஆண்டு உழைத்ததற்கு ஊரில் ஒரு சான்றும் இல்லை என்று பொருள். ஒப்பந்தக்காரர் போனால் மட்டும் போதாது, பட்டியலும் தொழிலாளி கையில் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

மஸ்டரில் தொடங்கும் வேலை

2022-இல் பிபிஎம்பியில் 198 வார்டுகள், தெரு பெருக்குவோர் ஏறத்தாழ 18,000 பேர். சராசரியாக வார்டுக்கு 90 பேர். இந்த 90 பேரும் ஒரே இடத்தில் கூடுவதில்லை. விடிகாலையில் வருகை எடுக்கும் இடங்களை மஸ்டர் என்பார்கள். வார்டுக்கு நாலைந்து மஸ்டர் இருக்கும், ஒவ்வொன்றிலும் பதினைந்து முதல் இருபத்தைந்து பேர் நிற்பார்கள். அமைப்பு வேலையின் அலகு இந்த மஸ்டர்தான். வார்டுக் கூட்டம் போட்டால் வருவது ஏற்கெனவே நம்மோடு இருப்பவர்கள் மட்டுமே. மஸ்டருக்குப் போனால்தான் தயங்குகிறவரையும் மேஸ்திரிக்குப் பயந்தவரையும் பார்க்க முடியும்.

முதல் வேலை நோட்டு. நூறு பக்க ரூல்டு நோட்டு ஒன்று, மஸ்டருக்கு ஒன்றாக. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் விட வேண்டும். ஒரு வரி போதாது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஆண்டுக்கணக்கில் நிரம்பப்போகிறது. மேலே ஆதாரில் உள்ளபடி பெயர், அதற்குக் கீழே சம்பளக் கணக்கில் உள்ள பெயர், அதற்கும் கீழே மஸ்டரில் கூப்பிடும் பெயர். வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, அப்போதைய ஒப்பந்தக்காரர், கூட வேலை செய்த இருவர் பெயர். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண், மருத்துவக் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ. எண், வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கம். பக்கத்தின் பின்புறத்தில் மாதவாரியாக வந்த சம்பளம், வராத சம்பளம்.

பெயரை மூன்று விதமாக எழுதச் சொல்வது ஏன் என்று புதிதாக வருகிற இளைஞர்கள் கேட்பார்கள். தமிழ்ப் பெண்களின் நோட்டைத் திறந்தாலே காரணம் தெரியும். ஆதாரில் "செல்வி மு" என்று இருக்கும். மேஸ்திரி வாயில் அவர் செல்வம்மா, பி.எஃப். கணக்கிலும் செல்வம்மா. வங்கியில் கணவர் பெயர் பின்னால் ஒட்டி "செல்வி முருகன்". மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பு அந்தரத்தில் நிற்கும். பி.எஃப். அலுவலகத்தில் பழைய கணக்கின் பெயரைத் திருத்த முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு எங்கே போவது? மூடிய நிறுவனமாக இருந்தால் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி போன்றவர்களின் சான்றொப்பம் செல்லும். ஆனால் நிறுவனம் எது, எந்த ஆண்டு என்று தெரிந்தால்தான் அந்த வழியும் திறக்கும். நோட்டில் ஒப்பந்தக்காரர் பெயர் எழுதுவது அதற்காகத்தான்.

பி.எஃப். சரிபார்ப்பைப் போல ஆட்களைச் சங்கத்துக்குக் கொண்டுவரும் வேலை வேறில்லை. பதிவு செய்த கைபேசியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பினால் இருப்பு விவரம் தமிழிலேயே வரும். ஒரு மஸ்டரில் ஐந்து பேருக்கு எடுத்துக் காட்டினால் போதும், மறுநாள் மற்றவர்கள் தாங்களே கைபேசியை நீட்டுவார்கள். தொழிலாளி பங்கு 12 விழுக்காடு பிடித்திருக்கிறார்கள், அதே அளவு முதலாளியும் போட்டிருக்க வேண்டும், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும் என்று விளக்கும்போது, "நம்ம காசு எங்க போச்சு?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சங்கம் என்ற சொல்லை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால், இன்னொரு கட்சிக்காரர் வந்திருக்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அலுவலகத்தின் பட்டியலையும் வாங்கி நோட்டோடு ஒப்பிட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, வார்டின் ஒரு மாத வருகைப் பதிவையும் அதே மாதத்தின் பி.எஃப். செலுத்துச்சீட்டையும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். கர்நாடகத்தில் பலருடைய மனு திரும்பிவருவதற்குக் காரணம், ஒரு மனுவில் ஒரே விஷயம்தான், 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது என்று இந்த மாநிலத்தின் விதி இருப்பது. ஊதியம், பி.எஃப்., சீருடை மூன்றையும் ஒரே தாளில் கேட்டால் தள்ளிவிடுவார்கள். மூன்று மனு, மூன்று பத்து ரூபாய் என்று போட வேண்டும். மனுவை மஸ்டரில் வேலை செய்பவர் பெயரில் போடவே கூடாது. மேஸ்திரிக்கு அன்றே தெரிந்துவிடும், மறுநாள் அந்த அக்காவுக்கு ஊரின் கோடியில் மேம்பாலத்துக்கு அடியில் பெருக்க உத்தரவு வரும்.

பத்து பேருக்கு ஒரு பொறுப்பாளர் என்பது எங்கள் அனுபவத்தில் நிற்கும் விகிதம். இருபது பேருக்கு ஒருவர் என்றால் வதந்தி பரவும் வேகத்தில் செய்தி பரவாது. பொறுப்பாளராக நன்றாகப் பேசுகிறவரைத் தேடுவது பொதுவான பிழை. மற்றவர்கள் கைமாற்று கேட்க யாரிடம் போகிறார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். அவர் கூட்டத்தில் வாய் திறக்காதவராகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் "போலாம்" என்றால் பத்து பேர் கிளம்புவார்கள்.

மேஸ்திரி, கடன், கோயில்

இந்த வேலைக்குத் தடையாக நிற்கும் பழமைவாதம் என்றால் ஏதோ ஒரு கட்சியின் கொடி என்று நினைத்து வார்டுக்குள் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். இங்கே அது உறவாக, கடனாக, திருவிழாவாக இருக்கிறது.

மேஸ்திரி பல மஸ்டர்களில் சொந்தக்காரர். ஒரே ஊரிலிருந்து வந்தவர், வேலை வாங்கிக் கொடுத்தவர், மாமா என்றோ அண்ணன் என்றோ கூப்பிடப்படுகிறவர். அவசரத்துக்கு வட்டிக்குப் பணம் கொடுப்பவரும் அவரே. ஏ.டி.எம். அட்டை அவரிடம் அடமானமாக இருந்தால் அந்தத் தொழிலாளி வேலைநிறுத்தத்துக்கு வரமாட்டார், வரவும் முடியாது. அதனால் நோட்டில் எழுதாமல், பொறுப்பாளர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி கடன். வாரத் தவணைக் குழுக்களின் வசூல் நாள் எது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரியாமல் போராட்டத் தேதி வைத்தால் இரண்டாம் நாளே கூட்டம் கரையும். மேஸ்திரியை எதிரியாக அறிவிப்பதும் கைகொடுக்காது. அவரும் பெரும்பாலும் அதே சாதி, அதே ஒப்பந்த நிலை. அவரை நடுநிலையில் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

சிறு கூட்டத்தை மாலையில் வைக்க முடியாது. விடியுமுன் எழுந்த பெண், வேலை முடிந்து பிற்பகலில் வீட்டுக்கு வந்து, குழாயில் தண்ணீர் பிடித்து, சமைத்து, மறுபடி விடியுமுன் எழ வேண்டும். மதியம் வேலை முடிந்து பஸ் ஏறும் முன் கிடைக்கும் அரை மணி நேரம்தான் சாத்தியம். எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். கணவரும் மாமியாரும் "சங்கம்கிங்கம் நமக்கெதுக்கு" என்று தடுக்கும் வீடுகளில், வேலைநிறுத்தத்துக்கு முன் ஒரு முறையாவது வீட்டுக்குப் போய் அவர்களிடமும் பி.எஃப். கணக்கைக் காட்டியிருக்க வேண்டும். குடும்பத்தின் பணம் தொலைந்திருக்கிறது என்று தெரிந்தால் தடுக்கிறவரே வழியனுப்புவார்.

மாரியம்மன் திருவிழாக் கமிட்டியில் உள்ளூர்ப் பிரமுகரின் பணம் இருக்கும். ஆடி மாதத்தில் போய் மூடநம்பிக்கை பற்றி வகுப்பெடுக்கிறவர் அதன் பிறகு அந்தத் தெருவில் நுழைய முடியாது. அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14-உம் மறைந்த டிசம்பர் 6-உம்தான் நல்ல வாசல்கள். பெங்களூரின் தமிழ்க் குடியிருப்புகளில் அம்பேத்கர் சங்கங்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. கோலார் தங்கவயலில் ரிபப்ளிகன் கட்சியைச் சட்டமன்றம் வரை அனுப்பிய மரபின் தொடர்ச்சி அது. படத்துக்கு மாலை போடும் நாளில் பி.எஃப். கணக்கைப் பார்க்க ஒரு மேசை போட்டால், அரசியலும் சம்பளமும் ஒன்று என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

தமிழ் பேசுகிறவர்கள் மட்டும் சுமக்கும் பாரம்

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணைக்குப் பின் 1991 டிசம்பரில் நடந்த கலவரத்தை இந்த நகரத்தின் தமிழ்க் குடிசைப் பகுதிகள் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்தபோது அந்த நினைவு மறுபடி வந்தது. தமிழில் ஒலிபெருக்கி வைத்தால் தனியாக மாட்டிக்கொள்வோம் என்ற பயம் உண்மையானது. அதை நாட்டுப்பற்று பேசியோ வர்க்க ஒற்றுமை பேசியோ விரட்ட முடியாது. மேடையில் கன்னடம் முதலில் வர வேண்டும். "பேக்கே பேக்கு, நியாய பேக்கு" (வேண்டும் வேண்டும், நியாயம் வேண்டும்) என்ற முழக்கத்தைத் தமிழ்ப் பெண்களும் தெலுங்குப் பெண்களும் ஒரே குரலில் எழுப்புகிறார்கள், அது அவர்களுக்குக் கவசமும்கூட. தமிழும் தெலுங்கும் மஸ்டரில், பஸ்ஸில், பத்து பேர் வட்டத்தில் ஓடட்டும். எல்லாக் கூட்டத்திலும் மூன்று மொழியிலும் மொழிபெயர்த்தால் நேரம் மும்மடங்காகி, கடைசி மொழிக்காரர்கள் கேட்கும் முன்பே பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள்.

சாதிச் சான்று தனிச் சிக்கல். பட்டியல் சாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர் இன்னொரு மாநிலத்தில் அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 1990-இலும் 1994-இலும் சொல்லியிருக்கிறது. கர்நாடகப் பட்டியலிலும் ஆதிதிராவிடர் என்ற பெயர் இருக்கிறது. ஆனால் குடும்பம் 1950-க்கு முன்பே இங்கே இருந்ததா என்று தாசில்தார் அலுவலகம் கேட்கும்போது, தாத்தா தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியில் வேலை செய்ததற்கு என்ன காகிதம் இருக்கும்? பழைய பள்ளிப் பதிவு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவு, கல்லறைப் பதிவு என்று தேடுகிறார்கள். கிறிஸ்தவப் பதிவைக் காட்டினால் பட்டியல் சாதி உரிமையே போய்விடும் என்ற கத்தி மேலே தொங்குகிறது. பிள்ளைகளின் உதவித்தொகை, விடுதி இடம் எல்லாம் இந்தத் தாளை நம்பியிருக்கின்றன.

அதனால் ஒரு கண்டிப்பான விதி: சங்கத்தின் நோட்டில் மதம் எழுதும் கட்டமே இருக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே போகிறார் என்பது சங்கத்துக்கு வேண்டாத செய்தி. 2022 மே மாத அவசரச் சட்டத்துக்குப் பின் அப்படி ஒரு பட்டியல் தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நோட்டுகளைப் படமெடுத்து வாட்ஸப் குழுவில் போடும் ஆர்வக்கோளாறையும் இதே காரணத்துக்காகத் தடுக்க வேண்டும். நோட்டு பொறுப்பாளர் வீட்டில், நகல் ஒன்று வேறு வார்டில் இருந்தால் போதும்.

சட்டம் வைத்திருக்கும் கண்ணி

2022-இல் நடைமுறையில் இருந்த தொழில் தகராறுச் சட்டம் 1947-இன்படி துப்புரவு என்பது பொதுப் பயன்பாட்டுச் சேவை. வேலைநிறுத்தத்துக்கு முன் அறிவிப்பு கொடுக்க வேண்டும், கொடுத்து 14 நாள் ஆகும் முன் இறங்கக்கூடாது, ஆறு வாரத்துக்கு மேல் அந்த அறிவிப்பு செல்லாது என்பது அன்றைய விதி. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலரும் தடுக்கி விழுந்த இடம் அடுத்தது: அறிவிப்பு சமரச அதிகாரிக்குப் போய்ச் சேர்ந்த நாளிலேயே சமரசப் பேச்சு தொடங்கியதாக அந்தச் சட்டம் கணக்கிட்டது, பேச்சு நடக்கும்போதும் முடிந்து ஏழு நாள் வரையிலும் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாக இருந்தது. அதாவது முறைப்படி அறிவிப்பு கொடுத்ததே கையைக் கட்டிவிட்டது. கொடுக்காமல் இறங்கினால், பத்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து வராமல் இருந்தார்கள் என்று சொல்லி ஊதியச் சட்டம் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க இடம் கொடுக்கிறது. ஒரு நாள் வராததற்கு எட்டு நாள் கூலி. இதைத் தொழிலாளர்களிடம் மறைத்துக் கூட்டிப்போகிற அமைப்பாளர் அடுத்த முறை அந்த மஸ்டருக்குப் போக முடியாது.

ஆக, உடன்பாட்டில் இரண்டு வரி இல்லாமல் யாரும் எழக்கூடாது: போராட்ட நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது, யாரையும் பழிவாங்கக்கூடாது. வாய்மொழி உறுதிக்கு வார்டு அலுவலகத்தில் மதிப்பே கிடையாது. சம்பளத்தைப் பிடிக்கிற கணக்காளருக்கு முதல்வர் மேடையில் சொன்னது தெரியாது, கோப்பில் இருப்பதுதான் தெரியும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 14 நாள் அறிவிப்பு இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் கட்டாயம். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். கூட்டு விடுப்பு என்ற பழைய வழி இனி அடைபட்டது.

நான்கு நாள்

பெங்களூரில் 2021-ஆம் ஆண்டு ஆணையின்படி ஆர்ப்பாட்டம் ஃப்ரீடம் பார்க்கில் மட்டும்தான். பழைய மத்தியச் சிறை இருந்த இடம், மெஜஸ்டிக்கிலிருந்து நடந்துவிடலாம். ஜனநாயகத்தை ஒரு மதில் சுவருக்குள் அடைக்கும் ஆணை இது, எதிர்க்கப்பட வேண்டியது. ஆனாலும் போராடுகிறவர் இதற்குள்தான் திட்டமிட வேண்டியிருக்கிறது. வெளியே ஊர்வலம் போனால் வழக்கு, அதனால் கவனத்தை ஈர்க்க ஒரே வழி எண்ணிக்கையும் நாட்களும்தான். வேறு தொழிற்சங்கம் உட்கார்ந்தால் ஊர் கவனிக்காமல் போகலாம். பௌரகார்மிகர் எங்கே உட்கார்ந்தாலும், இரண்டாம் நாள் காலையில் ஒவ்வொரு தெருமுனையும் அதைச் சொல்லிவிடும். வெள்ளிக்கிழமை தொடங்கினால் வாரக் கடைசிக் குப்பை முழுக்கத் தேங்கித் திங்கட்கிழமை அரசு அலுவலகங்கள் திறக்கும்போது உச்சத்தில் இருக்கும்.

ஆயிரம் பேருக்குப் பகலில் தலைக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும் 20 லிட்டர் கேன் நூறு வேண்டும். வண்டி ஒரே முறையில் கொண்டுவராது, காலை பத்துக்கும் பிற்பகல் ஒன்றுக்கும் பிரித்து வாங்க வேண்டும். கழிப்பறை போதாவிட்டால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், அதன் விளைவு மூன்றாம் நாள் மயக்கமாகத் தெரியும். ஜூலை மாதம் என்பதால் தார்ப்பாய், ஈரத் தரைக்குப் பழைய பேனர் துணி. மருந்துப் பெட்டியில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரையை அவரவர் எடுத்துவரச் சொல்ல வேண்டும், வீட்டில் விட்டுவருகிறவர்கள் பலர். மஸ்டர் வாரியாக உட்கார வைத்தால் வருகை எடுப்பது எளிது. காலை, மதியம், மாலை மூன்று முறை நோட்டைத் திறந்து பெயர் சொல்லி அழைக்க வேண்டும். முதல் நாள் வந்து இரண்டாம் நாள் வராதவர் வீட்டுக்கு அன்று மாலையே பொறுப்பாளர் போயாக வேண்டும். மிரட்டலா, கடனா, காய்ச்சலா என்று தெரிந்தால் பாதிப் பேரை மறுநாள் கூட்டிவந்துவிடலாம். ஒரு நாள் விட்டால் பிடிக்க முடியாது.

2022-இல் பஸ் கட்டணமும் ஒரு கணக்கு. ஒரு வார்டிலிருந்து தொண்ணூறு பேர், போக வர என்றால் சங்க நிதி அதிலேயே கரையும். 2023 ஜூன் 11 முதல் சக்தித் திட்டத்தில் பெண்களுக்கு அரசுப் பஸ் இலவசமானது அமைப்பு வேலைக்குப் பெரிய துணை. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி முகவரியிலேயே ஆதாரை வைத்திருக்கிற தமிழ்ப் பெண்கள் இன்றும் டிக்கெட் எடுத்துத்தான் வருகிறார்கள்.

இந்தப் போராட்டம் வென்றதற்கு வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் உண்டு. பிபிஎம்பிக்கு 2015-க்குப் பின் தேர்தல் நடக்கவில்லை, 2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்துவிட்டது. 2022-இல் எந்த வார்டிலும் கவுன்சிலர் இல்லை. ஜனநாயகத்துக்கு அது கேடு, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் வழக்கமாகப் போராட்டத்தை வார்டு வார்டாகப் பிரித்து, "உன் ஆளுக்கு நான் பார்த்துக்கறேன்" என்று ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பும் இடைத்தரகர் அன்று அதிகாரத்தில் இல்லை. கோரிக்கை நேராக முதல்வர் மேசைக்குப் போயிற்று. சட்டமன்றத் தேர்தலுக்கு ஓராண்டுகூட இல்லை என்பதும் அந்த மேசையில் இருந்தது.

உறுதிக்குப் பிறகு

எழுத்து உறுதி வந்ததும் வேலை முடிந்தது என்று கலைந்த வார்டுகள்தான் பிறகு அதிகம் இழந்தன. 2023-இல் 3,673 இடங்கள், 2024-இல் 11,307 இடங்கள் என்று அறிவிப்புகள் வந்தபோது நிபந்தனைகளும் கூட வந்தன. படிப்பு தேவையில்லை, கன்னடம் பேசத் தெரிந்தால் போதும், குறைந்தது இரண்டு ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும், வயது 55-ஐத் தாண்டக்கூடாது.

கன்னடம் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெரிய தடையாக இல்லை. இருபது ஆண்டு தெருவில் வேலை செய்தவருக்கு மூன்று மொழி வாயில் வரும். அதிகாரி முன் உட்கார்ந்து பேசும் கூச்சத்தைப் போக்கச் சில நாள் பழக்கினால் போதும். வயதுதான் வெட்டியது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆதார் முகாமில் ஜனவரி 1 என்று போட்டு, முகத்தைப் பார்த்து ஒரு ஆண்டை எழுதிவிட்டார்கள். வெயிலில் உழைத்த முகம் எப்போதும் ஐந்தாறு வயது கூடவே காட்டும். அந்த எண்தான் 55-ஐத் தாண்டியவர், தாண்டாதவர் என்று பிரித்தது. ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரண வழியில் ஒரே முறைதான் திருத்த முடியும், அந்த ஒரு முறையைப் பலர் ஏற்கெனவே தவறாகச் செலவழித்துவிட்டார்கள். வயதுக்கு ஆதார் ஆதாரமில்லை, பள்ளிச் சான்றுதான் என்று உச்சநீதிமன்றம் 2024 அக்டோபரில் சொன்னது, ஆனால் பள்ளிக்கே போகாதவர் எதைக் காட்டுவார்? குடும்ப அட்டை, பழைய வாக்காளர் அட்டை, மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் உள்ள வயதை ஒப்பிட்டு, முரண் எங்கே என்று அறிவிப்பு வரும் முன்பே கண்டுபிடித்து வைத்த மஸ்டர்களில் விண்ணப்பம் தள்ளுபடியாவது குறைவாக இருந்தது. இதெல்லாம் நோட்டோடு உட்கார்ந்தால் ஒரு மதிய வேளையில் முடியும் வேலை, கடைசி வாரத்தில் செய்ய முயன்றால் ஒரு மாதமும் போதாது.

55 தாண்டிய பெண்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். போராட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்களில் பலர் இவர்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இது அநீதி. அவர்களுக்கான பணிக்கொடையும் ஓய்வூதியமும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் முதல் வரியாக இருக்க வேண்டும்.

குப்பை ஆட்டோ ஓட்டுநர்கள், லோடர்கள், உதவியாளர்கள் 11,133 என்ற எண்ணுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். பெருக்குவோர் நேரடி ஊதியத்திலும் இவர்கள் ஒப்பந்தத்திலும் இருந்ததால் இரண்டு நோட்டு ஒரே மஸ்டரில் தனித்தனியாக ஓடின. வீட்டு வாசலில் குப்பை வாங்கும் கையும் தெருவில் பெருக்கும் கையும் ஒரே நாளில் நிற்காதவரை அரசுக்கு மூச்சு விட இடம் இருக்கும். இவர்களில் இளைஞர்கள் அதிகம், பல ஆண்கள் பெண் பொறுப்பாளரின் கீழ் உட்கார மறுக்கிறார்கள். அதற்காக ஆண்களுக்குத் தனிக் குழு வைத்த இடங்களில் அது விரைவில் ஒப்பந்தக்காரரின் குழுவாகிவிட்டது. ஒரே நோட்டு, ஒரே பொறுப்பாளர், அவர் பெண்ணாக இருந்தாலும் சரி என்பதில் விட்டுக்கொடுக்கக்கூடாது.

இப்போது பிபிஎம்பியே இல்லை. 2025 செப்டம்பரில் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகளாக நகரம் பிரிந்தது, வார்டு எல்லைகளும் மாறின. பழைய ஒரு வார்டின் மஸ்டர்கள் இரண்டு மாநகராட்சிக்குப் போன இடங்கள் இருக்கும். ஊழியர் பதிவு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுதான் பெயர்கள் காணாமல் போகும், 2018-இல் நடந்ததும் அதுதான். ஒவ்வொரு மஸ்டரும் இந்த மாதமே செய்ய வேண்டியது: பழைய வார்டு எண், புதிய வார்டு எண், எந்த மாநகராட்சி, கடைசியாகச் சம்பளம் போட்ட கணக்கு எது என்று நான்கு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டு, ஆணை பெற்றவர் பெறாதவர் எல்லோர் பெயரையும் மறுபடி எழுதி, புதிய அலுவலகத்தின் பட்டியலை 10 ரூபாய் மனு போட்டு வாங்கி, வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.